ஒரு பைனாகுலர், இரண்டு பேர், ஆறு பங்குனி

வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. 8×42 பைனாகுலர், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கத்தான் கடைக்குப் போனேன். கையில் பிடித்தால் படம் ஆடியது, எட்டே போதும் என்று வந்துவிட்டேன். விடியற்கால மங்கலிலும் இதில் வெளிச்சம் தாராளம்.

முந்தையதைப் பீரோவில் வைத்தே கெடுத்தேன். புதுச்சேரிக் கடல் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிட்டது. இதை எவர்சில்வர் சம்படத்தில், சிலிகா ஜெல் பாக்கெட்டோடு மூடி வைக்கிறோம். இன்றுவரை ஒரு புள்ளிகூட இல்லை.

ஞாயிறுதோறும் ஊசுடு ஏரிக்கரையில் நானும் மனைவியும் நடப்போம். 2008-இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த பக்கம். நடை என்று பேர்தான், பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடுவோம். இளவேனில் சித்திரையில்தான் என்பார்கள். சித்திரையில் வெயில் ஏழரைக்கே விரட்டிவிடும். எங்களுக்குப் பங்குனிதான் தோது.

சிக்கல் கைமாற்றுவதில்தான். இருவருக்கும் கண் பவர் வேறு. ஒவ்வொரு முறையும் வலது கண் பக்கத்தில், கண் பவருக்கு ஏற்பச் சரிசெய்யும் டயாப்டர் வளையத்தைத் திருப்ப வேண்டும். "என்னங்க, நீங்க திருகி முடிக்கிற வரைக்கும் மீன்கொத்தி உட்கார்ந்திருக்குமா?" முதல் வருஷம் முழுக்க இதே சண்டை. அப்புறம் அவளே நகப்பூச்சால் வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். புள்ளி அவளுக்கு, கம்பெனி போட்ட வெள்ளைக் கோடு எனக்கு.

குறை இல்லாமல் இல்லை. கூடவே வந்த பட்டை மெலிசு, ஒரு மணி நேரத்தில் கழுத்தை அறுக்கும். பழைய பையின் அகலப் பட்டையை மாட்டினேன். கண் வைக்கும் ரப்பர் மூன்றாம் வருஷமே தளர்ந்தது. வாங்கிய கடையில் "பார்ட்ஸ் வராது சார், புதுசா எடுத்துக்குங்க" என்றார்கள். சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டிப் போட்டேன், அதுதான் இப்போதும் ஓடுகிறது.

போன ஞாயிறு கரையோரச் சேற்றில் ஒரு நத்தைகுத்தி நாரை. அலகின் நடுவில் உள்ள சந்து வழியாகப் பின்னால் தண்ணீர் மின்னுவதுகூடத் தெரிகிறது என்றாள். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். பத்து நிமிஷம் பைனாகுலர் என் கைக்கு வரவில்லை. எனக்கு அது வெறும் சாம்பல் வெள்ளைப் புள்ளி.

திரும்பும்போது இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டேன். சம்படத்தில் ஒன்றுதான் கொள்ளும் என்றாள்.