மாடிஃபைட் கேமரா என்று நம்பி 46,000 ரூபாய் போனது: நெபுலா படம் எடுப்பவர்கள் கவனம்

இன்று காலை, பழைய பொருள் விற்கும் ஆப்பில் என்னை ஏமாற்றியவன் அனுப்பிய அதே படத்தை வேறு பெயரில் மறுபடி பார்த்தேன். வயிறு எரிகிறது. எழுதாமல் விட்டால் அடுத்து இன்னொருவர் மாட்டுவார். என் 46,000 ரூபாய் போன விதத்தைச் சொல்லிவிட்டு, வாங்குமுன் என்னென்ன சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டை. மூன்று வருடமாக அமாவாசையை ஒட்டித் திசையன்விளை பக்கம் தேரிக்காட்டுக்குப் பைக்கில் போய் வானத்தைப் படம் எடுக்கிறேன். பால்வீதி சாதாரணக் கேமராவிலேயே நன்றாக வரும். ஆனால் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி அரைவட்டமாகக் கிடக்கிற பர்னார்டு வளையம் மாதிரி மங்கலான சிவப்பு நெபுலாக்கள், அதாவது விண்வெளி வாயு மேகங்கள், லேசில் வராது. அந்த வெளிச்சம் பெரும்பாலும் ஹைட்ரஜன் விடும் 656.3 நானோமீட்டர் சிவப்பு. சென்சாருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் அதில் பெரும்பகுதியை வெட்டிவிடும். அதைக் கழற்றிய கேமராவைத்தான் மாடிஃபைட் என்கிறோம். இரண்டு வருடம் சீட்டு கட்டி எடுத்த பணத்தை அதற்காகத்தான் வைத்திருந்தேன்.

அந்த ஆப்பில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, விற்பவனிடம் பேசினேன். "பாளையங்கோட்டையா? எனக்கு அம்பாசமுத்திரம் அண்ணாச்சி, வேலைக்குத்தான் பெங்களூர் வந்துட்டேன்" என்றான். ஃபில்டரை முழுதாக எடுத்துவிட்டதாகச் சொன்னான். கொடைக்கானலில் இந்தக் கேமராவில் எடுத்தது என்று ஒரு படமும் அனுப்பினான். கீழே பைன் மரங்கள், மேலே ஓரியன், வளையம் ரத்தச் சிவப்பில். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆப்புல கட்டுனா கமிஷன் போயிரும், நேரா நம்பருக்குப் போட்டுருங்க. ஊர்க்காரவுகள ஏமாத்திட்டு நாளைக்கு ஊருக்குள்ள வர முடியுமா?" என்றான். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். "ஆளைப் பாக்காமலா?" என்று அக்கா கேட்டாள். அவளிடம் எரிந்து விழுந்துவிட்டு 46,000 ரூபாயை அனுப்பினேன்.

கேமரா வந்தது. தை அமாவாசையை ஒட்டித் தேரிக்குப் போனேன். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 9 பாகைக்கும் கீழேதான் நிற்கும். பனைகளுக்கு நடுவே அதைத் தேடிப் பிடித்து, வானம் நகர்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கரைச் சரி செய்யவே முக்கால் மணி நேரம் ஆனது. 50 எம்எம் லென்ஸில் மூன்று மூன்று நிமிடமாக 40 படங்கள். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்து, மங்கலானது தெரியும்படி இழுத்துப் பார்த்தேன். வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புத் தீற்றல். என் பழைய கேமராவும் இதையேதான் தரும்.

மறுநாள் வெயிலில் கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை, கேமராவின் வெள்ளைச் சமநிலையை (நிறத்தைச் சரிக்கட்டும் செட்டிங்) பகல் வெளிச்சத்துக்கு வைத்து எடுத்தேன். ஃபில்டர் இல்லாத கேமராவில் அது சிவந்துதான் விழ வேண்டும். சுத்த வெள்ளையாக விழுந்தது. மதுரையில் கேமரா பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். என் கண் முன்னாலேயே திறந்தார். சென்சாருக்கு மேலே நீலமும் பச்சையும் கலந்த சின்னக் கண்ணாடிச் சில்லு, அப்படியே இருந்தது. "இத யாரும் தொட்டதேயில்ல தம்பி" என்றார்.

விற்றவனைக் கேட்டால், முதலில் "செட்டிங் தப்பா இருக்கும்" என்றான். அப்புறம் "உங்க ஏரியால வெளிச்சம் அதிகம்" என்றான். தேரிக்காட்டில் வெளிச்சமாம்! வேட்டிப் படத்தை அனுப்பினேன். பார்த்தான், பதில் இல்லை. அடுத்த நாள் நம்பரே இல்லை. ஆப்காரர்களுக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் அச்சடித்த மாதிரி ஒரே பதில்: வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். 46,000 ரூபாயில் ஒரு பைசா இன்னும் வரவில்லை.

இதில் என்னை அறுப்பது அந்தப் படம்தான். நம் ஊரிலும் கொடைக்கானலிலும் ஓரியன் உதிக்கும்போது படுத்துக்கொண்டுதான் எழும். நிமிர்ந்து நிற்கும் நேரத்தில் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்திருக்கும். அவன் அனுப்பிய படத்தில் மர உச்சிக்குச் சற்று மேலேயே நிமிர்ந்து நிற்கிறது. அது எங்கேயோ வடக்கே, குளிர்நாட்டில் எடுத்தது. மூன்று வருடமாக ஓரியனைப் பார்க்கிறவன், அன்றைக்குச் சிவப்பை மட்டும்தான் பார்த்தேன்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. ஆப்புக்கு வெளியே பணம் கட்டாதீர்கள். விற்பவனிடம் எடிட் செய்த படத்தைக் கேட்காதீர்கள். பகலில் ஒரு வெள்ளைத் துணியைப் படம் எடுத்து, கேமரா பதிந்தபடியே இருக்கும் ரா ஃபைலை அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் போய் வாங்குங்கள். பைன் மரத்துக்கு மேல் நிமிர்ந்த ஓரியன், வலது ஓரத்தில் விளக்கெரியும் சின்னக் கூடாரம்: இந்தப் படம் போட்ட விளம்பரத்தைப் பார்த்தால் பேச்சே கொடுக்காதீர்கள். இன்று காலை அதில் போட்டிருந்த விலை 49,000.