பிடித்து அடைப்பதா, ஊசி போடுவதா, மாட்டைக் குறைப்பதா: அமெரிக்க மேற்கின் காட்டுக்குதிரைகள்

2025 மார்ச் கணக்குப்படி அமெரிக்க மேற்கு மாநிலங்களின் அரசு நிலங்களில் காட்டுக்குதிரைகளும் கழுதைகளுமாக ஏறத்தாழ 73,000 திரிகின்றன. அவற்றுக்குப் பொறுப்பான நில மேலாண்மைத் துறை, சுருக்கமாக பி.எல்.எம்., நிலம் தாங்கும் என்று வகுத்திருக்கும் எண்ணிக்கை 25,500-ஐ ஒட்டியது. ஏறக்குறைய பாதிக் குதிரைகள் நெவாடாவில் இருக்கின்றன. அதே நிலத்தில் உரிமம் வாங்கிய பண்ணைக்காரர்களின் மாடும் ஆடும் மேய்கின்றன.

இந்த எண்ணிக்கையைச் சமாளிக்க மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன. ஹெலிகாப்டரால் ஓட்டிப் பிடித்து அகற்றுவது, பெட்டைகளுக்குக் கருத்தடை ஊசி போடுவது, மாடுகளைக் குறைத்துக் குதிரைக்கு இடம்விடுவது. என் சாய்வு ஊசி பக்கம். அதற்குக் காரணம் ஒன்றுதான்: பிடித்த பிறகு வரும் தீவனச் செலவு.

இவை மரபிலேயே காட்டுவிலங்குகள் அல்ல. ஸ்பானியர் காலத்திலிருந்து தப்பியவை, படையும் பண்ணைகளும் கைவிட்டவை ஆகியவற்றின் வாரிசுகள். நம் கோடியக்கரையிலும் நெடுந்தீவிலும் திரியும் மட்டக்குதிரைகளும் இப்படி வளர்ப்பிலிருந்து காட்டுக்குப் போனவைதான். வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. நெவாடாவின் வெல்மா ஜான்ஸ்டன் பல ஆண்டு போராடியதன் பலனாக 1959-இல் வண்டி வைத்துக் குதிரைகளைத் துரத்துவது தடைசெய்யப்பட்டது. 1971 டிசம்பரில் முழுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குதிரையை வேட்டையாடும் பெரிய விலங்கு அநேகமாக இல்லாத நிலத்தில் மந்தை ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம் பெருகும். 20 சதவீதம் என்றால் நான்கே ஆண்டில் இரட்டிப்பு.

ஹெலிகாப்டர் வேலையைப் பலரும் படத்தில் பார்த்திருப்பார்கள். பள்ளத்தாக்கின் வாயில் இரும்புப் பட்டி அமைத்து, அதிலிருந்து இரு சிறகுபோலச் சணல் துணியை நீளமாகக் கட்டுவார்கள். விமானி தூரத்தில் நின்று மந்தையை அதன் நடையிலேயே விட்டு, கடைசி சில நூறு மீட்டரில்தான் நெருக்குவார். அந்த நேரத்தில் பழக்கிய குதிரை ஒன்றைச் சிறகின் வாயில் அவிழ்த்துவிட்டால் அது நேரே பட்டிக்குள் ஓடும், மற்றவை பின்தொடரும். குட்டி ஈனும் காலமான மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை ஹெலிகாப்டரால் ஓட்டக்கூடாது என்பது துறையின் விதி. ஜூலையில் தொடங்கினால் வெயில் கெடுக்கும். மூன்று மாதக் குட்டியின் குளம்பு கல்தரையில் தேய்ந்துவிடும். பெரும்பாலான சாவு ஓட்டத்தில் நிகழ்வதில்லை. பட்டிக்குள் மிரண்டு கம்பியில் மோதிக் கழுத்து முறிவதும், பழைய ஊனம் என்று மருத்துவர் கருணைக்கொலை செய்வதும்தான் கணக்கில் அதிகம்.

ஆனால் வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. வறட்சியில் ஊற்று வற்றி 800 குதிரைகள் சாகும் நிலையில் இருந்தால் ஊசி ஒன்றையும் காப்பாற்றாது. பிடிக்கத்தான் வேண்டும். இதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சிக்கல் அதன் பிறகு தொடங்குகிறது. பிடித்த குதிரையின் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார்கள், ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், திரவ நைட்ரஜனில் குளிர்வித்த அச்சால் கழுத்தின் இடப்புறம் குறி போடுகிறார்கள். இளசுகள் தத்துக்குப் போகும். குறைந்தபட்சக் கட்டணம் 125 டாலர். எடுப்பவரிடம் ஒரு குதிரைக்கு 400 சதுர அடிப் பட்டியும், பழகாத பெரிய குதிரைக்கு ஆறடி உயர வேலியும் இருக்க வேண்டும். ஓர் ஆண்டு கழிந்த பிறகே உரிமைப் பத்திரம். தத்து எடுப்பவர்கள் பிடிபடும் எண்ணிக்கைக்கு ஈடாகப் பெரும்பாலான ஆண்டுகளில் கிடைத்ததில்லை. 2019-இல் தத்தெடுத்தால் 1,000 டாலர் ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். எண்ணிக்கை ஏறியது. கூடவே, பணத்தை வாங்கிக்கொண்டு குதிரையை இறைச்சி வியாபாரம் நடக்கும் ஏலச்சந்தைக்குத் தள்ளியவர்களும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். மிஞ்சிய குதிரைகளைக் கொல்லவோ இறைச்சிக்கு விற்கவோ நாடாளுமன்றம் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க மறுக்கிறது. ஆகவே அவற்றுக்குச் சாகும்வரை தீவனம் போட வேண்டும்.

அந்தத் தீவனச் செலவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2025 கணக்குப்படி அரசின் பராமரிப்பில் இப்படி அடைபட்டிருப்பவை 60,000-க்கும் மேல். பட்டியில் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 5 டாலருக்குக் குறையாது. ஒக்லஹோமா, கான்சஸ் பக்கம் குத்தகைக்கு எடுத்த புல்வெளியில் 2 டாலரை ஒட்டி. ஐந்து வயதுப் பெட்டை ஓர் ஆண்டு பட்டியிலும் அடுத்த 20 ஆண்டு புல்வெளியிலும் இருக்கிறது என்று வையுங்கள். பட்டிக்கு 1,825, புல்வெளிக்கு 14,600, ஆக 16,000 டாலரைத் தாண்டும். பட்டியிலேயே தங்கிவிட்டால் இது இரண்டு மடங்குக்கு மேல். தத்துப் போகாத ஒவ்வொரு குதிரையும் இப்படி ஒரு நீண்ட கடன். திட்டத்தின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு, ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல், இதற்கே போகிறது. காட்டில் செய்ய வேண்டிய வேலைக்கு மிஞ்சுவது சொற்பம்.

பட்டியில் அடைப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. 2022 ஏப்ரல், மே மாதங்களில் கொலராடோவின் கேன்யன் சிட்டி பட்டியில் குதிரைக் காய்ச்சல் பரவி 140-க்கும் மேற்பட்டவை செத்தன. காட்டில் பரந்து திரிந்தவற்றை நெருக்கி நிறுத்தினால் அந்த ஆபத்து கூடவே வரும்.

காட்டிலும் கணக்கு நேராவதில்லை. நிறையப் பிடித்துவிட்டால் மிஞ்சியவற்றுக்குப் புல் தாராளம், பெட்டைகள் நன்றாகத் தேறும், ஆண்டுதோறும் ஈனும். அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 2013 அறிக்கையில் இதைத்தான் அழுத்திச் சொன்னது: பிடித்து அகற்றுவதே பெருக்க வேகத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. நான்கு ஆண்டு கழித்து ஹெலிகாப்டர் மறுபடி வர வேண்டியிருக்கும்.

இனி ஊசி. இது யானைக்குப் போடும் மயக்க ஊசி மாதிரி அல்ல. குதிரை விழாது, சுளீரென்று துள்ளிச் சில அடி ஓடி மறுபடி மேயும். அதிகம் பயன்படும் மருந்து பி.இசட்.பி. பன்றியின் சூல்முட்டையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து எடுத்த புரதம் அது. பெட்டையின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள் அதன் சொந்த முட்டையின் உறையிலும் ஒட்டிக்கொள்வதால் விந்து உள்ளே போக முடியாது. ஹார்மோனைத் தொடுவதில்லை, ஆகவே மந்தையின் நடத்தை பெரிதாக மாறுவதில்லை. ஏற்கெனவே சினையாக இருந்தால் அந்தக் குட்டிக்கும் கேடில்லை.

வேலை இப்படி. அரை மில்லி புரதக் கரைசல், அரை மில்லி எண்ணெய்த் துணைமருந்து. முதல் ஊசிக்கு ஒரு வகைத் துணைமருந்து, பூஸ்டருக்கு வேறு வகை. இரண்டு கண்ணாடி சிரிஞ்சுகளை ஓர் இணைப்பால் கோத்து, இங்கும் அங்குமாக நூறு முறை தள்ள வேண்டும். வெண்ணெய் பதத்துக்கு வெள்ளையாகக் கெட்டிப்பட வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் பரவாமல் உருண்டையாக நின்றால் பதம் சரி. சோம்பலில் நாற்பது தடவையோடு நிறுத்தினால் எண்ணெயும் நீரும் பிரியும், ஊசி வீண். அதை ஒரு மில்லி கொள்ளும் ஊசி அம்பில் அடைத்து, 40 மீட்டருக்குள் நெருங்கி, பின்தொடையின் மேல்சதையில் துப்பாக்கியால் சுட வேண்டும். விழுந்த அம்பைத் தேடி எடுத்து உள்ளே தண்டு முன்னால் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தள்ளப்படாவிட்டால் மருந்து இறங்கவில்லை, அந்தப் பெட்டைக்குப் போட்டதாக எழுதக்கூடாது.

முதல் ஊசிக்குக் குறைந்தது இரண்டு வாரம் கழித்துப் பூஸ்டர், பிறகு ஆண்டுக்கு ஒன்று. குதிரையின் சினைக்காலம் சுமார் 11 மாதம் என்பதால் இந்த வசந்தத்தில் போட்ட ஊசியின் பலன் அடுத்த வசந்தத்தில்தான் குட்டிக் கணக்கில் தெரியும். முதல் ஆண்டே ‘பலனில்லை’ என்று கைவிட்ட மந்தைகளில் பாதிப் பிழை இந்தப் பொறுமையின்மைதான். இன்னொன்று, ஈனாத பெட்டை நன்றாகத் தேறி இருபது வயதைத் தாண்டி வாழும். ஆகவே எண்ணிக்கை சட்டென்று இறங்காது. ஊசி பெருக்கத்தை நிறுத்தும், அளவுக்கு மீறி நிற்கும் மந்தையைக் குறைக்காது. முதலில் ஒருமுறை பிடித்து அளவுக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு ஊசியை விடாமல் பிடித்துக்கொள்வதே சரியான வரிசை.

மருந்து ஒரு டோஸ் ஏறத்தாழ 30 டாலர். ஆள்கூலி, வண்டி, பெட்ரோல் எல்லாம் சேர்த்துப் பத்து மடங்கு என்றே வைத்தாலும் பெட்டைக்கு ஆண்டுக்கு 300. அது தடுப்பதோ மூன்றாண்டில் சராசரியாக இரண்டு குட்டிகள். அந்த இரண்டும் பிடிபட்டுத் தத்துப் போகாமல் போனால் வரும் கடனை மேலே பார்த்தோம்.

கொலராடோவின் ஸ்பிரிங் கிரீக் பேசினில் 2011 முதல் ஒவ்வொரு பெட்டையையும் நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, மயிர்நிறம் வைத்துப் பேரேட்டில் எழுதி ஊசி போடுகிறார்கள். அதன் பிறகு அங்கே ஹெலிகாப்டர் தேவைப்படவில்லை. மொன்டானா, வயோமிங் எல்லையிலுள்ள பிரையர் மலையிலும், வயோமிங்கின் கோடி என்னும் நகருக்குக் கிழக்கே மெக்கல்லக் பீக்ஸிலும் இதே முறை. மூன்றிலும் பொதுவானது மந்தை சிறியதாகவே இருப்பதும், மனிதரைக் கண்டு அரைக் கிலோமீட்டர் ஓடாததும், ஆண்டு முழுக்க நிலத்தில் கிடக்கும் சிலர் இருப்பதும்தான்.

யூட்டாவின் ஒனாக்கி மந்தை இதற்கு எதிர்ச்சான்று. ஊசி போட்டும் எண்ணிக்கை அளவைத் தாண்டியது, 2021 ஜூலையில் ஹெலிகாப்டர் வந்து நானூறுக்கும் மேல் பிடித்தது. மந்தை ஏற்கெனவே அளவுக்கு மேல் நிற்கும்போது ஊசியை மட்டும் நம்பினால் இதுதான் நடக்கும். நெவாடாவின் பரந்த பள்ளத்தாக்குகளில் ஆயிரக்கணக்கில் இருக்கும் மிரட்சியான குதிரைகளை அம்பு சுட்டு அடக்கியதாகச் சொல்லும் நீண்டகால அனுபவம் குறைவு. சிறு மந்தையின் வெற்றியை அங்கே அப்படியே பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பொருத்தமானது பிடித்து, கோனாகான் என்ற வேறு மருந்தைக் கையாலேயே போட்டு, முப்பது நாள் வைத்திருந்து இரண்டாவது டோஸும் போட்டுத் திருப்பி விடுவது. இரண்டு டோஸ் பல ஆண்டு நிற்கும். ஆனால் அது ஹார்மோனையே அடக்கும். மருந்தும் தடிமனானது, குளிரில் அம்பிலிருந்து சரியாக இறங்காது.

மாடுகள் விஷயத்தில் இரு தரப்பும் எண்களை வளைக்கின்றன. அளவுகோல் ‘மேய்ச்சல் மாதம்’: ஒரு பசுவும் கன்றும், அல்லது ஒரு குதிரை, அல்லது ஐந்து ஆடு ஒரு மாதம் தின்னும் தீவனம். பி.எல்.எம். நிலத்தில் கால்நடை ஆண்டுக்கு 80 லட்சத்துக்கும் மேல் தின்கிறது. கழுதையையும் குதிரையாகவே எண்ணினாலும் 73,000-க்கும் பன்னிரண்டு மாதத்துக்கு 8.76 லட்சம்தான். ‘மாடுதான் பத்து மடங்கு’ என்பது இங்கிருந்து வருகிறது. ஆனால் கால்நடைக்கு உரிமம் உள்ள நிலம் பதினைந்தரைக் கோடி ஏக்கர், குதிரைக்கு ஒதுக்கியது இரண்டரைக் கோடியை ஒட்டி. குதிரை இல்லாத நிலத்து மாட்டைச் சேர்த்து எண்ணினால் ஒப்பீடு பொய்க்கும். குதிரைப் பகுதிக்குள் மட்டும் எண்ண வேண்டும்.

மாடு பெருங்கேடு செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஓரிகனின் ஹார்ட் மலைக் காப்பகத்தில் 1990-களின் தொடக்கத்தில் மாடுகளை நிறுத்தினார்கள். பழைய இடங்களில் மறுபடி எடுத்த படங்களில் ஓடைக்கரை வில்லோ மரங்களும் ஆஸ்பன் மரங்களும் திரும்பியிருந்தன. மாடு ஊற்றருகே நாள் முழுக்கப் படுத்துக்கிடக்கும். குதிரை குடித்துவிட்டுப் பல கிலோமீட்டர் போய்விடும். ஆனால் மாட்டுக்கு மேல்முன்பல் இல்லை, நாக்கால் சுருட்டிப் பிடுங்கும். குதிரை இரு வரிசைப் பல்லாலும் தரையோடு வெட்டும். இன்னும் முக்கியமானது, ஓடைக்கரைப் புல் பத்து சென்டிமீட்டருக்கு இறங்கியதும் மாட்டை ஓட்டிவிடலாம். குதிரையை எங்கே ஓட்டுவது? புல் துளிர்க்கும் வசந்தத்தில் ஒரு பகுதிக்கு ஓய்வு கொடுத்தாலும் குதிரை அதை மேய்ந்துவிடும்.

மாட்டைக் குறைக்கத் துறைக்கு விதி 4710.5 இருக்கிறது, அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. மேய்ச்சல் கட்டணம் 2019 முதல் 2025 வரை ஒரு மேய்ச்சல் மாதத்துக்கு 1.35 டாலரே என்றாலும் உரிமத்தின் பெறுமதி அதில் இல்லை. உரிமம் பண்ணையின் சொந்த நிலத்தோடு பிணைந்தது, விற்கும்போது விலையில் சேரும், வங்கி அதை வைத்துத்தான் கடன் தரும். பாதியை வெட்டினால் பண்ணைக்காரரின் கடனும் ஆடும். ஆகவே மாட்டைக் குறைப்பதில் எனக்கு எதிர்ப்பில்லை, அதை மட்டும் செய்து குதிரையைப் பெருக விடுவதில்தான் எதிர்ப்பு. விடுவித்த புல்லை ஆண்டுக்கு 20 சதவீதம் பெருகும் மந்தை சில ஆண்டில் தின்றுவிடும்.

எந்த வழியை எடுத்தாலும் தண்ணீரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஊற்றுக்கண்ணை முள்கம்பியால் அடைத்தால் குதிரை அறுபடும். உருட்டுக்கட்டை வேலி போட்டு, குழாயில் தண்ணீரை வெளியே தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும். இலையுதிர் காலத்தில் மாடுகள் இறங்கியதும் பண்ணைக்காரர் பம்பை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அந்தத் தொட்டியையே பழகிய குதிரைகள் அங்கேயே காத்து நிற்கும். பம்பை யார், எந்த மாதம்வரை ஓட்டுவது என்பதை மேய்ச்சல் உரிமத்திலேயே எழுதிவிட வேண்டும்.