தாழ்கட்டிலா, பக்கக் கம்பியா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வயதானவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி வரும்: ஏற்றி இறக்கும் தாழ்கட்டில் வாங்குவதா, இருக்கும் கட்டிலுக்கே பக்கக் கம்பி போட்டால் போதுமா?

கம்பி மலிவு, அதன் பெருமை பெரும்பாலும் அத்தோடு சரி. மனக்குழப்பம் உள்ளவர் அதன்மேல் ஏறித் தாண்டப் பார்ப்பார். அப்போது விழும் உயரம் கூடிவிடுகிறது. கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே கழுத்து சிக்கி இறந்தவர்களும் உண்டு.

தாழ்கட்டில் விழுவதைத் தடுப்பதில்லை. தரைக்கும் உடம்புக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மருத்துவமனை வார்டுகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இவற்றைக் கொடுத்தும் விழுபவர் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார். தூங்கும்போது இறக்கி, எழும்போது முழங்கால் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். தாழ்வாகவே விட்டால் நடக்கக்கூடியவர் எழத் திணறியே விழுவார். துடைத்துவிடும்போது இடுப்பளவு ஏற்றினால் பார்ப்பவரின் முதுகு தப்பும். எனக்கு இதுவே பெரிய லாபம்.

மலையில் இன்னும் சில சங்கடங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் மோட்டார் கட்டில் நின்ற இடத்திலேயே நிற்கும். கைப்பிடியால் சுற்றுவதோ பேட்டரி உள்ளதோ நல்லது. சாலையிலிருந்து படியிறங்கும் வீடென்றால், கட்டிலின் சட்டம் கழற்றக்கூடியதா என்று முதலில் கேளுங்கள். குளிரில் இரவு சிறுநீருக்கு எழுபவர் கம்பளிக் காலுறையோடு சிமெண்ட் தரையில் வழுக்குவதற்கு இரண்டிலும் மருந்தில்லை.

புரண்டு விழுபவருக்குத் தாழ்கட்டில், பக்கத்தில் மெத்தை விரிப்போடு. தெளிவாக எழுந்து நடப்பவருக்கு, பிடித்து எழ, கட்டிலின் ஒரு பகுதிக்கு மட்டும் வரும் அரைக் கம்பி போதும்.