மலை இறங்க வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு: பிரேக் ஆயிலைப் பார்க்காமல் சாவியை வாங்காதீர்கள்

ஓட்டுநர் இல்லாமல் கார் வாடகைக்கு விடும் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடம் கடந்த மே மாதம் ஊட்டி செல்வதற்காக நாங்கள் எடுத்த வண்டி, திரும்பும் வழியில் கோத்தகிரி மலைப்பாதையில் பிரேக் இழந்தது. எவருக்கும் காயம் இல்லை. ஆனால் அந்த நிறுவனம், "பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, பேடையும் டிஸ்க்கையும் எரித்துவிட்டீர்கள்" என்று சொல்லி எங்கள் டெபாசிட் தொகை முழுவதையும் பிடித்துக்கொண்டது. (டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டு; பேட் என்பது அதை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை.) அந்தக் குற்றச்சாட்டு ஏன் பொய் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதே போன்ற பேச்சை வேறு சிலரும் கேட்டிருக்கக்கூடும்.

கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் காவல்துறை திருப்பிவிடுவது வழக்கம் என்பதால், நாங்களும் கோத்தகிரி வழியாகவே இறங்கினோம். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையமோ 300 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆட்களும் பெட்டிகளுமாக 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,400 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு 70 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இரண்டாவது கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால், அத்தனை சூடும் சக்கரங்களில்தான் போய்ச் சேரும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் துணை தீர்ந்து பெடல் கல்லாக இறுகிவிடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். நாங்கள் கோத்தகிரி ஊரைத் தாண்டியது முதல் இரண்டாவது கியரிலேயே வந்தோம்; வளைவுகளுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை அழுத்தி, வேகம் குறைந்ததும் காலை எடுத்தோம்.

அரவேனு தாண்டிக் குஞ்சப்பனையை நோக்கி இறங்குகையில் இடப்பக்கச் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. ஒதுங்க இடம் கிடைப்பதற்குள் பெடல் தொளதொளத்து, அடுத்த மிதியில் தரை வரை போய்விட்டது. முதல் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, சாலையோரம் அகலமாக இருந்த ஓரிடத்தில் நிறுத்தினோம். சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் பாட்டிலை எடுத்தபோது, எங்களுக்குப் பின்னால் வந்து நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர், சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும், தானாக ஆறட்டும் என்று தடுத்தார். நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னோம். "ஆறினால் சரியாகிவிடும், ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்" என்பதுதான் பதில். வேறு வண்டி அனுப்புவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஆறிய பின் முதல் கியரிலேயே ஊர்ந்து மேட்டுப்பாளையம் வந்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பிரேக் ஆயில் கருத்துப்போயிருந்தது. ஈரம் பார்க்கும் கருவியை அதில் நனைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. இடப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றியபோது பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் என்ற கவ்வி நகர உதவும் கம்பி (pin) துருவேறி இறுகியிருந்தது. அந்தச் சக்கரத்தின் உள்பக்க பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்க, வெளிப்பக்க பேடில் பாதி மீதமிருந்தது. வலப்பக்கச் சக்கரத்தில் இரண்டு பேடுகளும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. மெக்கானிக் இவை அனைத்தையும் படம் எடுக்கச் சொல்லி, தன் கடைச் சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

ஓட்டுபவர் ஓயாமல் பிரேக்கை மிதித்திருந்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தேய்ந்திருக்கும். ஒரே சக்கரத்தின் ஒரே ஒரு பேட் மட்டும் இரும்பு வரை தேய்வதற்கு, காலை எடுத்த பிறகும் அது டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருந்ததுதான் காரணம். அந்தத் தேய்மானம் ஒரு நாள் பயணத்தில் வந்திருக்க முடியாது. பெடல் போன விதமும் கவனிக்கத்தக்கது. பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பெடல் இறுக்கமாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. பெடல் தரை வரை போவது ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும்போது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அதே தரக்கட்டுப்பாடு 155 டிகிரியைத்தான் எதிர்பார்க்கிறது. ஆகவேதான் பல கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கின்றன.

மாலையில் வண்டியை எடுக்க வந்த நிறுவனத்தின் ஆள் செய்ததுதான் உச்சம். பெடலை நாலைந்து முறை மிதித்துக் காட்டி, "பிரேக் கல்லு மாதிரி நிற்கிறது சார், ஆயிலில் என்ன குறை?" என்றார். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகி, பெடல் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அடுத்ததாக ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில், "மலைப்பாதையில் பிரேக், கிளட்ச் தேய்மானம் வாடிக்கையாளர் பொறுப்பு" என்ற வரியைக் காட்டினார். வண்டியைப் பராமரிக்கும் கடமையையே அந்த ஒரு வரி வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடும் என்று நினைக்கிறார்கள்.

இத்தகைய வண்டி எடுப்பவர்கள் முதலில் எண் பலகையைப் பார்க்க வேண்டும். உரிய உரிமம் பெற்று, வாடிக்கையாளரே ஓட்டிச்செல்ல வாடகைக்கு விடப்படும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டி என்றால் அது சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்க இடம் உண்டு. அடுத்து பானெட்டைத் திறக்கச் சொல்லி பிரேக் ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் வேறு வண்டி பார்ப்பது நல்லது. சமவெளியில் பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் தொடாமல் புறங்கையை நீட்டிப் பார்த்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியரைக் கையால் குறைத்து அதிலேயே வைத்திருக்கும் வசதி எது என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக ஓட்டும் டி (டிரைவ்) நிலையில் வைத்து இறங்கினால் பெரும்பாலான வண்டிகள் போதிய அளவு தடுக்காது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்த பிறகு, டெபாசிட்டில் பாதியைத் தருவதாகவும், நடந்ததை எங்கும் எழுதக் கூடாது என்றும் நிறுவனம் தூது அனுப்பியது. மறுத்துவிட்டோம். இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கத் தயாராகி வருகிறோம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். மெக்கானிக்கின் சீட்டு, தேதியுடன் கூடிய படங்கள், தொலைபேசி அழைப்புப் பதிவு ஆகியவற்றை மனுவோடு இணைக்கிறோம்.