பச்சை நாடா சுற்றியிருந்தால் ஒட்டுக்கன்று என்று நம்பிவிடாதீர்கள்

திருகோணமலையில் லொறியில் கொண்டுவந்து விற்பவர்களிடம் பழக்கன்று வாங்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை வாசியுங்கள்.

2021 நவம்பர், மாரி மழை தொடங்கிய நேரம். உப்புவெளியில் எங்கள் வீட்டு வாசலில் கன்று லொறி ஒன்று நின்றது. ஹாஸ் அவகாடோ இரண்டும் லிச்சி ஒன்றும் எடுத்தேன். “நுவரெலியாக் குளிரையே தாங்குற இனம் தம்பி, இங்க அதுக்கு என்ன வரப்போகுது?” என்றார் விற்றவர். எல்லாம் ஒட்டு, மூன்றாம் வருடம் காய்க்கும் என்றும் சொன்னார். 10,500 ரூபாய் கொடுத்தேன்.

அந்தப் பேச்சில்தான் ஏமாந்தேன். குளிரைத் தாங்குவது வேறு, குளிர் இல்லாமல் பூப்பது வேறு. லிச்சி பூப்பதற்கு முன் சில வாரங்கள் 20 பாகைக்குக் கீழே குளிர வேண்டும். நம் ஊரில் தை மாத இரவிலும் அப்படிக் குளிர்வதில்லை. என் மரம் ஆளுயரத்துக்கு மேல் தளதளவென்று நிற்கிறது; இன்றுவரை ஒரு பூ இல்லை.

அவகாடோ இன்னும் மோசம். வைகாசியில் கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடித்ததும் இலை நுனிகள் கருகின. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். அவகாடோவுக்கு உப்பு ஆகவே ஆகாது. அதையும் அவர் சொல்லவில்லை. ஒன்று பட்டுப்போனது. பிடுங்கி, தண்டில் சுற்றியிருந்த பச்சை நாடாவை அவிழ்த்தேன். உள்ளே ஒட்டே இல்லை! வெட்டுத் தழும்பு எதுவும் இல்லாத தண்டு. வெறும் கொட்டைக் கன்றுக்கு நாடா சுற்றி விற்றிருக்கிறார். ஹாஸ் மரங்கள் எல்லாமே கலிபோர்னியாவில் முளைத்து, 1935இல் காப்புரிமை பெற்ற ஒரே மரத்தின் வழி வந்தவை. ஒட்டினால்தான் அது ஹாஸ். கொட்டையில் முளைத்தது என்ன காய் தரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தொலைபேசியில் கேட்டேன். “உங்கட மண் சரியில்ல” என்றார். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒட்டுப் பொருந்திய இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடித்தண்டில் இரண்டு தண்டு சேர்ந்த தழும்பு தெரிய வேண்டும்; மேலும் கீழும் பட்டையின் நிறமும் பெரும்பாலும் மாறியிருக்கும். மறுத்தால் வாங்காதீர்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் நான் பிந்தித்தான் கேட்டேன். அவர் சொல்லி வைத்த மாதுளையும் அன்னமுன்னாவும் இப்போது காய்க்கின்றன.

போன சனிக்கிழமை அதே லொறி நிலாவெளி வீதியில் நின்றது. கன்றுகளில் அதே பச்சை நாடா.