பி.பிளானா, சிவில் முடித்து எம்.பிளானா?

நகர வளர்ச்சியும் நிலப்பயன்பாடும் படிக்க விரும்பும் சேலத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு வழி. பிளஸ் டூ முடித்த கையோடு நான்கு வருட பி.பிளான் (திட்டமிடலில் இளநிலைப் பட்டம்), அல்லது நான்கு வருட சிவில் இன்ஜினியரிங், அதன்மேல் இரண்டு வருட எம்.பிளான் (திட்டமிடலில் முதுநிலைப் பட்டம்). நான் எடுத்தது இரண்டாவது. பேசப்போவதும் அதன் பக்கம்தான்.

நுழைவை நீட்டி முழக்க வேண்டாம். பி.பிளானுக்கு ஜே.இ.இ. மெயின் தாள் 2பி. டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ.க்கள் (திட்டமிடலும் கட்டடக் கலையும் கற்பிக்கும் மத்திய அரசுக் கல்லூரிகள்) அதை வைத்துத்தான் எடுக்கின்றன. எம்.பிளானுக்கு கேட் (GATE) தேர்வு. சிவிலுக்குக் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய் வரலாம். விடுதிச் செலவு மிச்சம்.

என் முடிவுக்குக் காரணம் சிவிலில் வரும் சர்வே, அதாவது நில அளவைப் பாடம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலேயே ஏற்காடு, 1,500 மீட்டர். சேர்வராயன் சரிவில் பெய்கிற மழை மூக்கனேரிக்கும் திருமணிமுத்தாற்றுக்கும் இறங்கி வந்தாக வேண்டும். இந்த ஊரில் ஒரு சர்வே எண்ணைக் குடியிருப்பு என்று வரைபடத்தில் மஞ்சள் பூசும் முன், ஏரிக் கலிங்கு (உபரி நீர் வெளியேறும் இடம்) எந்த மட்டத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே ஓடை எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் ஒரு கட்டம் 30 மீட்டர். ஆறு மீட்டர் அகல ஓடை அதற்குள் காணாமல் போய்விடும். உயர வித்தியாசம் அளக்கும் கருவியான ஆட்டோ லெவலை எடுத்துக்கொண்டு ஓடையோரமாக நடந்து ரீடிங் எடுத்து, தொடங்கிய பெஞ்ச்மார்க்குக்கே (உயரம் தெரிந்த புள்ளிக்கே) திரும்பி வந்து வித்தியாசம் பார்த்தால்தான் அந்த மட்டத்தை நம்பலாம். சிவிலில் இது கைப்பழக்கமாகவே வந்துவிடும்.

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பேஸ் மேப் (அடிப்படை வரைபடம்) போடும்போதும் இதே கதை. 78 டிகிரி தீர்க்கரேகை சேலம் மாவட்டத்தை வெட்டிக்கொண்டு போகிறது. உலகை ஆறு ஆறு டிகிரி மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் யூ.டி.எம். முறையில் சேலம், ஓமலூர் 44 வடக்கு மண்டலத்தில் விழும். மேட்டூர், எடப்பாடி 43-இல். மேட்டூரில் 43-இல் எடுத்த அளவுக்கு 44 என்று பெயர் கொடுத்துவிட்டால் ஊரே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே தள்ளி உட்காரும். மாவட்டம் முழுக்கப் போடுவதென்றால் எல்லா லேயரையும் 44-க்கு மாற்றிக்கொள்வதே சரி. டிகிரியிலேயே விட்டுவிட்டுப் பரப்பைக் கணக்கிட்டால் சதுர டிகிரியில் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. புரொஜெக்ஷன் (உருண்டைப் பூமியைத் தட்டையான தாளில் கொண்டுவரும் முறை) என்றால் என்ன என்று சர்வேயில் படித்தவர்கள் இதில் அதிகம் தடுக்கி விழுவதில்லை.

சிவில்காரர்கள் திணறும் இடமும் உண்டு. மக்கள்தொகைக் கணிப்பு, சட்டம், பொருளாதாரம் மூன்றிலும் பி.பிளான் மாணவர்கள் வெகுதூரம் முன்னால். 1991-இல் சேலம் நகர மக்கள்தொகை சுமார் 3.67 இலட்சம், 2001-இல் சுமார் 6.97 இலட்சம். சிவில் முடித்து வந்தவர் இரண்டையும் கழித்து, பத்து வருடத்தில் ஊர் இரட்டிப்பானது என்று எழுதிவிடுவார். இடையில் 1994-இல் மாநகராட்சி ஆனபோது சுற்று ஊர்கள் உள்ளே வந்ததை பி.பிளான்காரர் முதலில் கேட்பார். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஊர் முழுவதுக்குமான முழுமைத் திட்டத்துக்கும், அதற்குள் ஒரு பகுதிக்கான விரிவான வளர்ச்சித் திட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் அவருக்கு அத்துப்படி. எம்.பிளான் முதல் செமஸ்டரில் இதையெல்லாம் விழுந்து விழுந்து படித்துச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். முடியும், ஆனால் சுகமாக இருக்காது.

வேலை என்று பார்த்தால், சிவில் பட்டத்துக்கு டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் தேர்வு எப்போதும் கைவசம். தனியார் ஆலோசனை நிறுவனங்களில் யாருக்கு முன்னுரிமை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எடுக்கிற வேலையைப் பொறுத்து மாறுகிறது. அரசுப் பதவி என்றால் அந்தந்த அறிவிக்கையில் கல்வித் தகுதியை வரிக்கு வரி படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கான்கிரீட், ஸ்டீல் டிசைன் என்றாலே கசக்கிறது, எஸ்.பி.ஏ.யில் இடமும் கிடைக்கிறது என்றால் தயங்காமல் பி.பிளான் சேரலாம். இரண்டாம் வருட விடுமுறைக்குள் சிவில் படிக்கும் நண்பர் ஒருவரோடு ஆட்டோ லெவல் பிடித்து, ஒரு ஓடையையாவது தலை முதல் கால் வரை அளந்துவிடுங்கள்.