மாலை ரேஸ் அட்டவணை: கிளாஸைப் பார்ப்பதா, போட்டியைப் பார்ப்பதா?

சாதாரண வாரநாள் மாலை குதிரை ரேஸ் அட்டவணை தேறுமா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ரேஸின் கிளாஸையும், அதாவது தரப்பிரிவையும், பரிசுத்தொகையையும் பார்ப்பது. மற்றொன்று, எத்தனை குதிரைகள், எவ்வளவு நெருக்கமான போட்டி என்று பார்ப்பது.

முதல் வழி சுலபம். பிரிட்டனில் சமதள ஓட்டங்களை, அதாவது தடை தாண்டாத ரேஸ்களை, 1 முதல் 7 வரை கிளாஸ் பிரித்திருக்கிறார்கள். 1 உச்சம், 7 அடிமட்டம். ஆனால் வாரநாள் மாலைகளில் 5, 6 தான் அதிகம் கண்ணில் படும். எல்லாமே கீழ்த்தட்டு என்றால் அந்த எண்ணை வைத்து எதைப் பிரித்தறிவது?

இரண்டாவது வழிக்குக் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஹேண்டிகேப் ரேஸில் ரேட்டிங், அதாவது திறமைக்கான மதிப்பெண், கூடிய குதிரைக்குச் சுமக்கும் எடையும் கூடும். நோக்கமே எல்லோருக்கும் வாய்ப்பு கொடுப்பதுதான். ஆகவே பத்துப் பன்னிரண்டு குதிரைகள் ஓடும் கிளாஸ் 6 ஹேண்டிகேப், நான்கே குதிரைகள் ஓடும் கிளாஸ் 3 ரேஸைவிடச் சுவையாக இருக்கலாம். அதற்காக எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஓட்டத்துக்கு ஓட்டம் கடைசியில் வரும் குதிரைகள் பன்னிரண்டு சேர்ந்தால் அது கூட்டம், போட்டி அல்ல! தங்கள் முந்தைய மூன்று நான்கு ஓட்டங்களில் எத்தனை குதிரைகள் முன்வரிசையில் முடித்தன என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் கடைசி நேர விலகல்களையும் கவனியுங்கள். காலையில் பத்தாக இருந்தது மாலையில் ஆறாகிவிடும்.

பெரிய பந்தய நாள் என்றால் நானும் கிளாஸைத்தான் முதலில் பார்ப்பேன். சாதாரண மாலைக்கு எனக்கு இரண்டாவது வழிதான்.